ஆண்டறிக்கை: வளங்குன்றா வாழ்வும் பொது அறமும் பற்றிய பல்கலைக்கழக – ஊர்மக்கள் கூடுகை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இவ்வாண்டும் முறையாகக் கூடியது. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் இருக்கின்றன. உறுப்பினர் எவரும் கேட்டுப் பார்க்கலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். சென்ற பேரவையின் தீர்மானப்படி நாம் எடுத்துக்கொண்ட பெரும்பணி, பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடத்திய கூடுகை. இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

கூடுகைக்கு எதை அடிப்படையாக வைப்பது என்பதிலேயே முதல் கருத்து வேறுபாடு எழுந்தது. 2015இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 வளர்ச்சி இலக்குகளையும் அவற்றின் கீழுள்ள 169 குறிக்கோள்களையும் பல்கலைக்கழகத்தார் முன்மொழிந்தார்கள். அவை நல்ல அளவுகோல்கள். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அளந்து சொல்வது வேறு, யாருக்கு யார் கடமைப்பட்டவர் என்று சொல்வது வேறு. ஊர்மக்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து உட்காரும்போது இரண்டாவதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நம் செயற்குழு வலியுறுத்தி, மனிதர் ஒருவருக்கொருவரும் பிற உயிர்களுக்கும் பட்டிருக்கும் கடமைகளைக் கூறும் அறநெறி ஆவணமான புவிச் சாசனத்தை (Earth Charter) முன்வைத்தது. நீண்ட பேச்சுக்குப் பின் அது ஏற்கப்பட்டது.

அந்தச் சாசனம் உருவான கதையைத் தொடக்க உரையில் மாணவி ஒருவர் தெளிவாகச் சொன்னார். 1987இல் நார்வேப் பிரதமர் புருண்ட்லாண்ட் தலைமையிலான, சுற்றுச்சூழலுக்கும் வளர்ச்சிக்குமான உலக ஆணையம், வளங்குன்றா வளர்ச்சிக்கு வழிகாட்டும் புதிய சாசனம் ஒன்று தேவை என்று சொன்னது. 1992இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் அதை உருவாக்க அரசுகள் முயன்றன; உடன்பாடு எட்டவில்லை. 27 கோட்பாடுகள் கொண்ட ரியோ பிரகடனத்தோடு அவை நின்றுகொண்டன. அரசுகள் விட்ட வேலையை 1994இல் ரியோ மாநாட்டின் பொதுச் செயலாளராக இருந்த மாரிஸ் ஸ்ட்ராங்கும் முன்னாள் சோவியத் தலைவர் மிகயீல் கோர்பசேவும் குடிமக்கள் முயற்சியாகக் கையில் எடுத்தார்கள். பல நாட்டு மக்கள் அமைப்புகள், அறிஞர்கள், சமயத்தினர், பழங்குடிகள் என்று பலரிடமும் கருத்துக் கேட்டு, திரும்பத் திரும்ப எழுதி, 2000 ஜூன் 29 அன்று தி ஹேக் நகரின் அமைதி மாளிகையில் அதை வெளியிட்டார்கள். 2003இல் யுனெஸ்கோவின் பொது மாநாடு அதை ஒரு முக்கிய அறநெறிச் சட்டகமாக ஏற்றுக்கொண்டது.

அதில் நான்கு பகுதிகள், 16 கோட்பாடுகள். உயிர்ச் சமூகத்தின் மீதான மதிப்பு, சூழல் அமைப்பின் முழுமை, சமூகப் பொருளாதார நீதி, குடியாட்சியும் வன்முறையின்மையும் அமைதியும் என அவை அமைகின்றன. சூழல் ஆவணம் ஒன்றில் வறுமை ஒழிப்பும் ஆண் பெண் சமத்துவமும் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். ஒன்றை விட்டு மற்றொன்று நிற்காது என்பதுதான் அதை எழுதியவர்களின் முடிவு. அந்த நாள் முழுவதும் நாங்கள் விவாதித்ததும் ஏறக்குறைய அதையே.

காலை அமர்வில் சொற்பொழிவு ஒன்றே ஒன்றுதான். பிறகு சிறு குழுக்களாக உட்கார்ந்து கோட்பாடுகளை வரிவரியாகப் படித்து வாதிட்டோம். ஒவ்வொரு குழுவிலும் பேராசிரியர், மாணவர், ஊர்மக்கள் கலந்திருக்க வேண்டும். குழுவைப் பேராசிரியர் நடத்தக் கூடாது. இது நாம் விதித்த நிபந்தனை. இதை ஏற்றுக்கொண்ட பேராசிரியர்களின் பெருந்தன்மையை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

சொற்பொழிவை ஆற்றியவர் வேதியியல் பேராசிரியர். சாசனத்தின் ஆறாவது கோட்பாட்டை எடுத்துக்கொண்டார். அறிவு முழுமையாக இல்லாதபோது எச்சரிக்கையாக நடக்க வேண்டும். தீங்கு வராது என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது அது. இதற்கு அவர் இரண்டு வரலாறுகளைச் சொன்னார். பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தால் எஞ்சின் தட்டும் ஓசையின்றிச் சீராக ஓடும் என்று 1921இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். ஈயம் நஞ்சு என்பது அன்றைக்கும் தெரிந்த செய்தி. பொது நலவாழ்வு அறிஞர்கள் 1920களிலேயே எச்சரித்தார்கள். தீங்கு நிரூபிக்கப்படவில்லை என்பதே தொழில் தரப்பின் பதிலாக இருந்தது. நிரூபிக்கும் சுமை பாதிக்கப்படுபவர்கள் தலையில் விழுந்தது. சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021இல். இடையில் பிறந்து வளர்ந்த குழந்தைகளின் இரத்தத்தில் அந்த ஈயம் கலந்தது. மூளை வளர்ச்சியை அது கெடுக்கும் என்பதில் இன்று ஐயமே இல்லை.

மற்றொன்று ஓசோன் படலத்தின் வரலாறு. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்கள் அந்தப் படலத்தை அரிக்கக்கூடும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். 1985இல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் பெரிதும் குறைந்திருப்பது வெளியானது. அதற்கு இதுதான் காரணம் என்று முழுமையாக உறுதியாவதற்கு முன்பே, 1987இல், மாண்ட்ரியல் நெறிமுறையில் நாடுகள் கையெழுத்திட்டன. இன்று ஓசோன் படலம் மெல்ல மீண்டுவருகிறது. இரண்டு வேதிப்பொருள்கள், இரண்டு முடிவுகள். அவற்றைப் பிரித்தது அறிவியலின் கூர்மை அல்ல, ஐயம் இருக்கும்போது அதன் பலனை யாருக்குத் தருவது என்ற அற முடிவுதான் என்று பேராசிரியர் சொன்னபோது அரங்கு கைதட்டியது. அவர் உரையை அச்சிட்டு உறுப்பினர்களுக்கு வழங்க வேண்டும் என்பது என் பரிந்துரை.

நீதி பற்றிய குழுவில்தான் சூடு கூடியது. 'நாம் அனைவரும் பொறுப்பு' என்ற வாசகத்தை ஒருவர் எழுதி வைத்தார். கழிவு சேகரிக்கும் பணியிலிருக்கும் பெண்மணி ஒருவர் அதை மறுத்தார். "கண்ணாடிச் சில்லையும் ஊசியையும் உணவுக் கழிவோடு சேர்த்துப் போடுபவரும் அதைக் கையால் பிரிக்கும் நானும் எப்படி ஒரே அளவு பொறுப்பாவோம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு அந்த வாசகம் நிற்கவில்லை. பொறுப்பு பொதுவானது, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவானது அல்ல என்று ரியோ பிரகடனத்தின் ஏழாவது கோட்பாடு நாடுகளைப் பற்றிச் சொல்வதும் இதுவே. வீடுகளுக்கும் அது பொருந்தும். நபர்வாரியாக மிக அதிகம் உமிழும் 10 சதவீத வீடுகளே உலக வீட்டு நுகர்வால் வரும் பசுங்குடில் வாயுக்களில் 34 முதல் 45 சதவீதத்துக்குக் காரணம் என்று காலநிலை மாற்றம் பற்றிய அறிவியலை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் 2022 அறிக்கை சொல்கிறது. 'அறிவும் ஆற்றலும் கூடக் கூடப் பொறுப்பும் கூடும்' என்ற பொருளில் சாசனத்தின் இரண்டாம் கோட்பாட்டிலேயே ஒரு வரி இருக்கிறது. குழு அதையே எடுத்து அந்த வாசகத்தின் இடத்தில் வைத்தது. நாள் முழுவதிலும் எனக்கு மிக நிறைவளித்த திருத்தம் இது.

எல்லா உயிருக்கும், மனிதருக்குப் பயன்பட்டாலும் படாவிட்டாலும், தனி மதிப்பு உண்டு என்ற முதல் கோட்பாட்டில் உடன்பாடு எளிதில் வரவில்லை. கடவுள் படைப்பு என்று சிலர் அதை ஏற்றார்கள். பரிணாமத்தில் எல்லாம் ஓர் உறவு என்று சிலர் ஏற்றார்கள். கொசுவுக்கும் நோய்க்கிருமிக்கும் அதே மதிப்பா என்று மருத்துவ மாணவர் ஒருவர் கேட்டார். நேர்மையான கேள்வி. மதிப்பு உண்டு என்பதனால் மோதல் இல்லாமல் போய்விடாது, கொல்ல நேரும்போதும் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம் என்ற இடத்தில் குழு நின்றது. நம்பிக்கைகள் வேறாக இருந்தும் கடமையில் ஒன்றுபட முடிந்தது. பொது அறம் என்று எதைத் தேடிக் கூடினோமோ அது அங்கே நடந்ததாகவே கருதுகிறேன். அமைதி பற்றிய குழுவுக்கு நேரம் போதவில்லை; அடுத்த கூடுகையில் அதிலிருந்தே தொடங்க வேண்டும்.

மாலை அமர்வில் பேச்சு பல்கலைக்கழகத்தின் பக்கம் திரும்பியது. 1990இல் பிரான்சின் தல்லுவார் ஊரில் 22 பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி, பத்து அம்சச் செயல்திட்டம் கொண்ட பிரகடனம் ஒன்றை வெளியிட்டார்கள். பிற்காலத்தில் பல நூறு பல்கலைக்கழகங்கள் அதில் கையெழுத்திட்டன. பாடம் நடத்துவது மட்டும் போதாது. தன் வளாகத்தின் ஆற்றல், நீர், கழிவு ஆகியவற்றிலும் பல்கலைக்கழகம் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்கிறது அது. இதை வாசித்துக் காட்டியதும் ஊர்மக்கள் வெளிப்படையாகவே கேட்டார்கள்: எத்தனையோ ஆய்வு மாணவர்கள் வினாத்தாளோடு எங்கள் வீடுகளுக்கு வந்தார்கள், எங்கள் கிணற்று நீரை எடுத்துப் போனார்கள், முடிவு என்ன என்று எங்களிடம் யார் திரும்பி வந்து சொன்னது? பல்கலைக்கழகத்தார் இதை மறுக்கவில்லை. சூழல் பற்றிய தகவலைத் தெளிவாகவும் உரிய காலத்திலும் பெறும் உரிமை அனைவருக்கும் உண்டு என்று சாசனத்தின் பதின்மூன்றாம் கோட்பாடு சொல்கிறது. தகவலைத் தந்தவர்களுக்கே அது மறுக்கப்படுவது அறமல்ல என்பதில் அரங்கம் ஒரே குரலில் நின்றது.

அதன் பயன்தான் கூட்டு உறுதிமொழி. அதை உங்கள் பார்வைக்குச் சுற்றுக்கு விட்டிருக்கிறேன். அதன் வரி ஒவ்வொன்றிலும் யார் செய்வது என்பது எழுதப்பட்டிருக்கிறது. ஊரில் செய்யும் ஆய்வின் முடிவை எளிய மொழியில் ஊராரிடமே படித்துக் காட்டுவது பல்கலைக்கழகத்தின் கடமை. வளாகத்தின் மின்சாரம், நீர், ஆய்வகக் கழிவுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுவதும் அவர்களுடையது. வீட்டுக் கழிவைப் பிறக்கும் இடத்திலேயே பிரிப்பதும், உடைந்த கண்ணாடியையும் ஊசிகளையும் தனியே கட்டி அடையாளமிட்டுக் கொடுப்பதும் நம் உறுப்பினர் குடும்பங்களின் கடமை. உணவுக் கழிவை உரமாக்கும் பயிற்சியை மாணவர்கள் நடத்துவார்கள். குப்பை மேட்டில் காற்றின்றி அழுகும் உணவு மீத்தேனை வெளியிடும். நூறாண்டுக் கணக்கில் அதன் வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 27 மடங்குக்கும் மேல். ஆகவே இது சிறு வேலை அல்ல.

உரப் பயிற்சி தொடங்கிவிட்டது, நன்றாக நடக்கிறது. கண்ணாடியைத் தனியே கட்டும் பழக்கம் சில தெருக்களில் வந்திருக்கிறது, பலவற்றில் இன்னும் வரவில்லை. தெருப் பொறுப்பாளர்கள் வீடு வீடாகச் சொல்ல வேண்டும். வளாகக் கணக்கு இன்னும் வரவில்லை. இருமுறை கடிதம் எழுதியிருக்கிறோம். நட்பு கெட்டுவிடும் என்று கருதி இதைக் கேட்காமல் விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கேட்பதற்கு இடம் கொடுக்கும் நட்பு என்பதால்தான் அவர்கள் கையெழுத்திட்டார்கள்.

கூடுகையை ஆண்டு விழாவாக ஆக்கிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். உறுதிமொழியில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று முந்தைய கணக்கைப் படித்த பிறகே அடுத்த கூடுகையில் புதிய பொருளை எடுக்க வேண்டும். கூலி வேலை செய்பவர்கள் பலரால் வேலை நாளில் வர முடியவில்லை. ஆகையால் அடுத்தது விடுமுறை நாளில் நடக்க வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருந்தால் இன்னும் பல பெண்கள் வருவார்கள். இரண்டுக்கும் செயற்குழு ஒப்புதல் தந்திருக்கிறது.

அரங்கைத் தந்து உழைப்பையும் தந்த பல்கலைக்கழகத்தாருக்கும், குழுக்களின் விவாதத்தை இரவோடு இரவாக எழுதித் தந்த மாணவர்களுக்கும், ஒரு நாள் வருவாயை விட்டு வந்து உட்கார்ந்த தொழிலாளர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. கூட்டு உறுதிமொழியைச் சங்கத்தின் தீர்மானமாக ஏற்கவும், அதன் நிறைவேற்றத்தைக் கண்காணிக்க ஐவர் குழுவை இன்றே தேர்ந்தெடுக்கவும், இந்த ஆண்டறிக்கைக்கு ஒப்புதல் அளிக்கவும் பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்