சனிக்கிழமை பிள்ளைகளுக்கு வயலின் மாலை

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு, சாட்ஸ்வர்த்தில் நாம் வழக்கமாகக் கூடும் கோயில் மண்டபத்தில், வயலின் கலைஞர் டாக்டர் எல். சுப்பிரமணியத்தின் வாசிப்பைப் போட்டுக் காட்டி அவர் கதையைச் சொல்லப் போகிறோம்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அப்பா லட்சுமிநாராயணாவிடம் வயலின் கற்றவர். சென்னையில் மருத்துவம் படித்து முடித்தும் வில்லைக் கீழே வைக்கவில்லை. கலிஃபோர்னியா போய் மேற்கத்திய இசை படித்தார். மேற்கத்திய வயலின் மேதைகள் மெனுஹின், கிராப்பெல்லியோடு வாசித்தார். பள்ளியில் தாடைக்கடியில் வைத்தும், இங்கே சம்மணமிட்டு வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றியும் வாசிக்கும் நம் பிள்ளைகள் அவசியம் கேட்க வேண்டியவர்.

1. வயலின், வில், ரோசின் (வில்லில் தேய்க்கும் பிசின்), உட்காரப் பாய் கொண்டு வாருங்கள்.
2. வீட்டுக்கு ஒரு பலகாரம். தேநீர் நாங்கள் போடுகிறோம்.
3. தாத்தா பாட்டியையும் கூட்டி வாருங்கள்.

எத்தனை பேர் என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே எழுதுங்கள்.