செயலாளர் ஆண்டறிக்கை: சேவை நிறுவனங்களின் மறுமதிப்பீடு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள், உறுப்பினர் சேர்க்கை, சந்தா வசூல் ஆகிய வழக்கமான அலுவல்கள் சங்க விதிகளின்படி நடந்தேறின. நடவடிக்கைக் குறிப்பேடு உறுப்பினர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை இவ்வாண்டு சங்கம் முதன்மையாக எடுத்துக்கொண்ட ஒரு பணிக்கு ஒதுக்குகிறேன். நாம் பணம் கொடுத்துப் பெறும் தொழில் சேவைகளை மறுமதிப்பீடு செய்வதே அந்தப் பணி.

இணைய இணைப்பு, கணக்கு எழுதுதல், கூரியர், அட்டைக் கட்டண இயந்திரம், கணினிப் பராமரிப்பு, காவல், துப்புரவு, காப்பீடு என்று பலருடைய உழைப்பின் மேல்தான் ஒவ்வொரு தொழிலும் நிற்கிறது. இவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கி ஒப்பிடுகிறோம். கையெழுத்து ஆனபின் பில் வருகிறது, பணம் போகிறது, அவ்வளவுதான். தர மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001-இன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு, 8.4ஆம் பிரிவில் நான்கு வேலைகளைச் சேர்த்தே கேட்கிறது: வெளிச் சேவை தருவோரை மதிப்பிடுவது, தேர்ந்தெடுப்பது, அவர்களின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, மறுமதிப்பீடு செய்வது. சான்றிதழ் வாங்காத சிறு நிறுவனத்துக்கும் இந்த நான்கும் பொருந்தும். முதல் இரண்டோடு நின்றுவிடுவதால்தான் பணமும் நேரமும் வீணாகின்றன.

மறுமதிப்பீடு கோபத்தில் செய்யும் வேலை அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே பதிவு செய்ய விரும்புகிறேன். சேவை நின்றுபோன அன்று எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாகவே முடியும். அன்று நம்மிடம் மாற்று ஏற்பாடு இருக்காது, பேரம் பேசும் வலுவும் இருக்காது.

பட்டியலும் அறிவிப்புத் தேதியும்

முதல் வேலை, யாருக்கெல்லாம் பணம் கொடுக்கிறோம் என்று முழுமையாக எழுதுவது. இதற்கு ஒப்பந்தக் கோப்பைத் திறப்பதைவிட, கடைசி 12 மாத வங்கிக் கணக்கு அறிக்கையையும் கடன் அட்டை அறிக்கையையும் எடுப்பது நல்லது. தானாகக் கழியும் சிறு சந்தாக்கள் கோப்பில் இருக்காது, வங்கி அறிக்கையில் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கழியும் தொகைகள் உண்டு என்பதால் 12 மாதத்துக்குக் குறைவாகப் பார்க்கக் கூடாது.

ஒவ்வொரு சேவைக்கும் எதிரே ஒப்பந்த முடிவு நாள், புதுப்பிக்கும் முறை, ஆண்டு மொத்தச் செலவு, கட்டண உயர்வு விதி, அன்றாடம் அதைப் பயன்படுத்தும் ஊழியர், நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம் உள்ளது ஆகியவற்றை எழுத வேண்டும். இவற்றுள் அதிகம் கவனிக்கப்படாதது விலகல் அறிவிப்புத் தேதி. ஒப்பந்தம் டிசம்பர் 31இல் முடிகிறது, 90 நாள் முன்னறிவிப்பு தேவை, தவறினால் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று இருந்தால், உண்மையான கெடு அக்டோபர் 2. டிசம்பரில் விழித்துக்கொள்பவர் இன்னும் ஓராண்டுக்குக் கட்டுப்பட்டுவிட்டார். இத்தகைய ஒப்பந்தத்துக்கு மதிப்பீட்டை ஆகஸ்டில் தொடங்கினால்தான் பேசவும் மாற்று தேடவும் அவகாசம் கிடைக்கும்.

கட்டண உயர்வு விதியையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 7 சதவீதம் என்பது ஐந்து உயர்வுகளில் 35 சதவீதம் அல்ல. கூட்டு முறையில் அது 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. சேவை அதே தரத்தில் நிற்க, விலை மட்டும் இப்படி ஏறுகிறதா என்பதே மறுமதிப்பீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

99.9 சதவீதம் என்றால் எவ்வளவு?

விளம்பரத்திலும், சேவை எந்த அளவில் இருக்கும் என்று உறுதி தரும் சேவை மட்ட ஒப்பந்தத்திலும் வரும் சதவீதங்களை நிமிடமாக மாற்றிப் படிக்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம் உண்டு. 99 சதவீத இயக்க உறுதி என்றால் மாதம் 7 மணி 12 நிமிடம் சேவை இல்லாமல் இருந்தாலும் ஒப்பந்த மீறல் இல்லை. 99.5 என்றால் 3 மணி 36 நிமிடம். 99.9 என்றால் சுமார் 43 நிமிடம். திட்டமிட்ட பராமரிப்பு நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்காத ஒப்பந்தங்களே மிகுதி. பராமரிப்பு எந்த நேரத்தில் நடக்கும், எத்தனை நாள் முன்பு சொல்வார்கள் என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

இன்னொன்று, சேவைகள் ஒன்றையொன்று சார்ந்து இருக்கின்றன. விற்பனை ரசீது போட இணைய இணைப்பு, பில்லிங் மென்பொருள், கட்டண இயந்திரம் மூன்றும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். மூன்றும் தனித்தனியே 99.5 சதவீதம் இயங்கி, அவற்றின் பழுதுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் வந்தால், மூன்றும் சேர்ந்து இயங்கும் அளவு 98.5 சதவீதமாகக் குறையும். மாதத்துக்கு ஏறத்தாழ 10 மணி 45 நிமிடம் கல்லாவில் வேலை நிற்கலாம். மூன்று நிறுவனங்களும் தங்கள் வாக்கைக் காப்பாற்றியபடியே இது நடக்கும்! எனவே எல்லோரிடமும் உயர்ந்த உறுதி கேட்டு அதிக விலை கொடுப்பதற்குப் பதிலாக, சங்கிலியில் பலவீனமான ஓரிடத்துக்கு மாற்று வைப்பது சிக்கனம். வேறொரு நிறுவனத்தின் கைபேசி இணைப்பை மாற்றாக வைத்துக்கொள்வது அதில் எளிய வழி.

உறுதி தவறினால் தரும் இழப்பீட்டைப் பற்றியும் தெளிவு வேண்டும். பெரும்பாலும் அது அந்த மாதக் கட்டணத்தில் ஒரு பங்குக் கழிவாக மட்டுமே வரும், விற்பனை இழப்பை ஈடுசெய்யாது. அதையும் குறித்த நாளுக்குள் நாமே எழுதிக் கேட்டால்தான் தருவார்கள். சேவை நின்ற நேரம், திரும்பிய நேரம், புகார் எண் மூன்றையும் ஒரு நோட்டில் அன்றன்றே குறித்து வைக்காதவரால் இதைக் கேட்கவே முடியாது.

பதில் வேறு, தீர்வு வேறு

“நான்கு மணி நேரத்தில் பதில்” என்ற வாசகம் பலரை ஏமாற்றுகிறது. “உங்கள் புகார் கிடைத்தது” என்று தானாக வரும் மின்னஞ்சலும் பதில்தான். முதல் பதில் நேரத்தையும் பழுது சரியாகும் நேரத்தையும் தனித்தனியே கேட்டு எழுத வேண்டும். கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதும் முக்கியம். நாம் அழைத்த நொடியிலிருந்தா, அவர்கள் புகாரைப் பதிவு செய்த நேரத்திலிருந்தா? எட்டு “வேலை மணி நேரம்” என்றால், காலை 9 முதல் மாலை 5 வரை, வாரம் ஐந்து நாள் இயங்கும் நிறுவனத்திடம் வெள்ளி மாலை 4 மணிக்குச் சொன்ன புகாருக்குக் கெடு திங்கள் மாலை 4 மணி. சனி, ஞாயிறு கடை திறப்பவர்களுக்கு இந்த உறுதியால் பயனில்லை.

சராசரியைக் காட்டும் அறிக்கைகளை அப்படியே நம்ப வேண்டாம். பத்துப் புகார்களில் ஒன்பது 15 நிமிடத்திலும் ஒன்று இரண்டு நாளிலும் தீர்ந்தால், சராசரி ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். அந்த எண் நடந்த எதையுமே காட்டவில்லை. நடு மதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 15 நிமிடம், மிக நீண்டது 48 மணி நேரம் என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நிலைமை விளங்கும். அந்த ஒற்றைப் புகார் ஏன் இரண்டு நாள் இழுத்தது என்று கேளுங்கள். உதிரிப்பாகம் இல்லாததாலா, பொறுப்பான ஆள் விடுப்பில் போனதாலா, வேறு பிரிவுக்குத் தள்ளிவிடப்பட்டதாலா? பதிலில் அந்த நிறுவனம் உள்ளே எப்படி இயங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

மதிப்பெண் தாள்

சங்கம் தயாரித்துள்ள தாளில் 100 மதிப்பெண். சொன்னதைச் சொன்னபடி செய்தல் 35, பழுதைத் தீர்த்தல் 25, பில் துல்லியம் 15, தகவல் தொடர்பு 15, விலகும் எளிமை 10. முதல் அம்சத்துக்கு அதிக எடை கொடுத்ததற்கு ஆதாரம் உண்டு. பரசுராமன், சைதாமல், பெர்ரி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட செர்வ்குவால் அளவுகோல் சேவைத் தரத்தை ஐந்து பரிமாணங்களில் அளக்கிறது. நம்பகம், உடனடி உதவி, உறுதியளிக்கும் திறன், அக்கறை, கண்ணுக்குத் தெரியும் வசதிகள் என்பவை அவை. அவர்களது ஆய்வுகளில் வாடிக்கையாளர்கள் தொடர்ந்து முதன்மையாகக் கருதியது நம்பகத்தை, கடைசியில் வைத்தது வசதிகளின் தோற்றத்தை.

தாளை நிரப்பும்போது வரும் தவறுகள் சில. சேவையைத் தொடாதவர் மதிப்பெண் போடுவது முதல் தவறு. உரிமையாளருக்குப் பில் தெரியும், காத்திருந்த நேரம் கல்லாவில் நிற்பவருக்குத்தான் தெரியும். அவர் தனியே எழுதட்டும், பிறகு சேர்ந்து பேசுங்கள். சேர்ந்து எழுதினால் மேலே இருப்பவரின் எண்ணே எல்லோருடைய எண்ணும் ஆகிவிடும். இரண்டாவது, கடைசி மாத நினைவே ஆண்டு முழுவதற்கும் மதிப்பெண் ஆகிவிடுவது. புகார் எண், மின்னஞ்சல் தேதி, திருத்தப்பட்ட பில் எண் போன்ற சான்று இல்லாத மதிப்பெண்ணை ஏற்க வேண்டாம். மூன்றாவது, கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பது. ஊழியர்களின் சம்பள விவரத்தை வெளியாருக்கு அனுப்பிவிட்ட கணக்கு நிறுவனம் மற்ற அம்சங்களில் 80 வாங்கினாலும் தேறக் கூடாது. தகவல் பாதுகாப்பு, சட்டக் கெடுவைத் தவறவிடாமை இரண்டையும் மதிப்பெண்ணுக்குள் கொண்டுவராமல், தேர்ச்சி நிபந்தனையாக வைத்திருக்கிறோம்.

விலையை இந்தத் தாளில் சேர்க்கவில்லை. அது தனிக் கணக்கு. பில் தொகையோடு, அந்த நிறுவனத்தைத் துரத்துவதில் நம் ஊழியர் செலவிடும் நேரத்தின் கூலி, வேலை நின்ற நேரத்தின் இழப்பு, தவறைத் திருத்தும் செலவு மூன்றையும் கூட்டினால் வருவதே உண்மையான விலை. மாதம் 1,000 கேட்கும் நிறுவனத்தைத் துரத்த 400 மதிப்புள்ள ஊழியர் நேரம் போனால், 1,250 கேட்டு ஒரே அழைப்பில் முடித்துத் தருபவரே மலிவு.

சிறந்த சேவை எப்படி இருக்கும்

இனிமையாகப் பேசுவதை மட்டும் நாம் சேவை என்று எண்ணிவிடுகிறோம். மரியாதை வேண்டும், ஆனால் அது அளவுகோலின் ஒரு பகுதிதான். சிறந்த நிறுவனம் புகாரை ஒருவர் பெயரில் ஒப்படைக்கிறது, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிறது, சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் அந்த மணிக்கு அழைக்கிறது. ஆள் மாறும்போது நாம் கதையை மறுபடி சொல்ல வேண்டியிருப்பதில்லை. பழுது தீர்ந்தபின் காரணம் என்ன, மறுபடி வராமலிருக்க என்ன மாற்றினோம் என்று எழுதித் தருகிறது. நாம் கண்டுபிடிக்கும் முன்பே தன் தவறைத் தானே சொல்கிறது. இப்படிப்பட்டவர்களை மதிப்பீட்டில் கண்டறிந்தால் எழுத்தில் பாராட்டுங்கள், பில்லைத் தாமதமின்றிக் கட்டுங்கள், கூடுதல் வேலையை அவர்களிடமே கொடுங்கள். சில சதவீத விலை வித்தியாசத்துக்காக அவர்களை இழப்பது பெரிய நட்டம்.

மதிப்பெண் குறைந்தவரை உடனே விலக்க வேண்டியதில்லை. தாளையும் சான்றுகளையும் காட்டி, இரண்டு மூன்று குறைகளை மட்டும் குறிப்பிட்டு, 60 அல்லது 90 நாள் கெடு கொடுங்கள். கூட்டத்துக்கு விற்பனைப் பிரதிநிதியை மட்டும் அழைத்தால் பயனில்லை, வேலையை நடத்தும் மேலாளரும் வர வேண்டும். பேசியதை அன்றே மின்னஞ்சலில் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். நாம் விவரம் தாமதமாகத் தந்ததும், ஒரே வேலைக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதும் காரணமாக இருந்தால், அதையும் அதே கூட்டத்தில் ஒப்புக்கொண்டு சரிசெய்ய வேண்டும்.

விலகுவதானால்

பழைய சேவையை நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்குவதுதான் அதிகம் நடக்கும் பிழை. தொலைபேசி எண்ணை மாற்று நிறுவனத்துக்குக் கொண்டுபோகும் முன் பழைய இணைப்பை ரத்து செய்தால் எண்ணே கைவிட்டுப் போகலாம். இணையதளப் பெயர் நம் பெயரில் பதிவாகியிருக்கிறதா, வடிவமைத்தவர் பெயரிலா என்று இன்றே பாருங்கள். பெயரை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கு, இப்போதைய பதிவு நிறுவனம் தரும் அங்கீகாரக் குறியீடு தேவை. புதிதாகப் பதிவான அல்லது அண்மையில் மாற்றப்பட்ட பெயருக்கு 60 நாள் பூட்டு, அதாவது அதுவரை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற முடியாத தடை, இருப்பது வழக்கம். தளத்தையோ மின்னஞ்சலையோ வேறு சர்வருக்கு மாற்றுவதானால், தளப் பெயரை சர்வரின் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவின் ஆயுளை, அதாவது பிற கணினிகள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, ஓரிரு நாள் முன்பே 300 நொடியாகக் குறைத்துவிட வேண்டும். அது 86,400 நொடியில் இருந்தால் ஒரு நாள் வரை சிலருக்குப் பழைய முகவரியே கிடைத்துக்கொண்டிருக்கும், மின்னஞ்சல்கள் இரண்டு இடங்களில் சிதறும்.

கணக்கு மென்பொருளை மாற்றுபவர்கள் ஒரு மாத முடிவையாவது இரண்டிலும் நடத்தி, இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மீதிகளின் பட்டியல்) கடைசி இலக்கம் வரை பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். தரவைப் பிடிஎஃப் கோப்பாகத் தருவது தரவைத் தருவது ஆகாது. எந்த அட்டவணை மென்பொருளிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி போன்ற திறந்த வடிவில் வாங்கி, திறந்து, வரிசைகளை எண்ணிச் சரிபார்த்த பிறகே பழைய கணக்கை மூடச் சொல்ல வேண்டும். கடவுச்சொற்கள், சாவிகள், நுழைவு அட்டைகள் அன்றே மாற்றப்பட வேண்டும்.

நம் சேவை

நாமும் யாரோ ஒருவருக்குச் சேவை நிறுவனம்தான். இதே தாளில் நம் பெயரை எழுதி, நம் வாடிக்கையாளரிடம் கொடுக்க உறுப்பினர்கள் முன்வர வேண்டும். “எங்களைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா” என்று 0 முதல் 10 வரை கேட்கும் முறை 2003 முதல் பரவலாகிவிட்டது. 9, 10 சொன்னவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை சொன்னவர்களின் சதவீதத்தைக் கழிப்பார்கள். சிறு தொழிலுக்கு இதில் ஓர் ஆபத்து உண்டு. 20 பேரே பதில் தந்திருந்தால், ஒருவர் 9இலிருந்து 6க்கு இறங்கியதுமே மொத்தம் 10 புள்ளி சரியும். எனவே எண்ணைத் துரத்தாமல், “ஏன் இந்த எண் கொடுத்தீர்கள்” என்ற அடுத்த கேள்விக்கு வரும் பதிலைப் படியுங்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானங்கள்: மதிப்பெண் தாளையும் ஒப்பந்தப் பட்டியல் படிவத்தையும் எல்லா உறுப்பினர்களுக்கும் வழங்குதல், விலகல் அறிவிப்புத் தேதிக்கு 60 நாள் முன்பே மதிப்பீட்டைத் தொடங்க நினைவூட்டல் அனுப்புதல், ஒரே நிறுவனத்திடம் சேவை பெறும் உறுப்பினர்கள் விரும்பினால் சேர்ந்து பேச ஏற்பாடு செய்தல். உறுப்பினர்களின் மதிப்பெண்கள் அவர்கள் எழுத்து மூலம் இசையாமல் வெளியிடப்பட மாட்டா.

படிவங்களை உருவாக்கிய துணைக்குழுவினருக்கும், தங்கள் ஒப்பந்தங்களை ஆய்வுக்குத் தந்த உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் நன்றியைத் தெரிவித்து, இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்