கோப்பையோடு கலைந்த அணி

ஃப்ரீமான்ட்,
டிசம்பர் 2024

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. டாக்டர் சொல்லும்வரை அடுப்படிப் பக்கம் போகாதே. இங்கே எல்லோரும் சுகம்.

பெண்கள் கால்பந்து லீக்கில் ஆர்லாண்டோ பிரைடு அணி கோப்பை வாங்கியதைப் பார்த்துவிட்டு, அதில் ஆடும் பிரேசில்காரி மார்த்தாவுக்கு அமெரிக்காவில் இதுதான் முதல் பட்டமா என்று கேட்டிருந்தாய். இல்லை. 2010இலேயே இன்னொரு பிரைடுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டாள். எஃப்சி கோல்ட் பிரைடு என்று பெயர். அந்த வருடம் எங்கள் பக்கத்து ஊர் ஹேவர்டில் ஆடினார்கள். இரண்டே வருடம் இருந்த அணி என்பதால் நீ கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

2009இல் டபிள்யூபிஎஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் கால்பந்து லீக் தொடங்கியபோது மொத்தம் ஏழு அணிகள். அதில் இவர்கள் ஏழாவது இடம். 1999 உலகக் கோப்பை ஃபைனலில் கடைசி பெனால்டியை அடித்த பிராண்டி சாஸ்டைன் இருந்தும், கனடாவின் கிறிஸ்டீன் சின்க்ளேர் இருந்தும் அந்த லட்சணம். மறுவருடம் ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் சோல் அணி கலைந்ததும் மார்த்தா இங்கே வந்தாள். அப்புறம் கேட்க வேண்டுமா? 24 ஆட்டத்தில் மூன்றே தோல்வி. மார்த்தா மட்டும் 19 கோல்.

ஃபைனலுக்கு நாங்கள் போயிருந்தோம். குன்றின் மேல் இருக்கும் பல்கலைக்கழக மைதானம். பார்வையாளர் வரிசைக்கும் புல்தரைக்கும் நடுவே ஓட்டப்பந்தயத் தடம். வந்தவர்கள் ஐயாயிரம் பேர் சொச்சம், அதற்கே இடம் நிரம்பிவிட்டது. எதிரணி பிலடெல்பியாவுக்கு அது எட்டு நாளில் மூன்றாவது ஆட்டம், அதுவும் நாட்டின் அந்தக் கோடியிலிருந்து பறந்து வந்து. பாவம், கால்கள் ஓடவில்லை. 4-0. சின்க்ளேர் இரண்டு, மார்த்தா ஒன்று. நியாயமான போட்டி என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் மார்த்தா இடது காலால் பந்தைத் தட்டித் திரும்பும்போது ஆள் எந்தப் பக்கம் போவாள் என்று தடுப்பவளுக்குக் கடைசிவரை தெரியாது. அதைப் பக்கத்தில் பார்த்தது போதும் எனக்கு.

அது செப்டம்பர் 26. நவம்பர் 16இல் அணியை மூடிவிட்டார்கள்!

உரிமையாளர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நெஸ்மித் தம்பதி என்று இந்தப் பகுதிக்காரர்கள், சொந்தப் பணத்தைக் கொட்டியவர்கள். கூட்டுச் சேர ஆள் தேடியும் கிடைக்கவில்லை. உலகத்தின் முதல்தர ஆட்டக்காரிகளை வைத்துக்கொண்டால் சம்பளம் ஏறும், ஐயாயிரம் இருக்கையில் டிக்கெட் வருமானம் ஏறாது. ஜெயிக்க ஜெயிக்கச் செலவுதான் கூடியது. கடைசி இடத்தில் வந்த அணியாகவே இருந்திருந்தால் இன்னொரு வருடம் தாக்குப்பிடித்திருக்குமோ என்றுகூட யோசித்திருக்கிறேன்.

ஷானன் பாக்ஸ் என்று ஒரு நடுக்கள ஆட்டக்காரி. அவள் கதை இன்னும் கொடுமை. 2010 ஜனவரியில் அவள் இருந்த சோல் கலைந்து செயின்ட் லூயிஸ் அணிக்குப் போனாள். அது மே மாதம் பாதி சீசனில் படுத்தது. கோல்ட் பிரைடுக்கு வந்து கோப்பை வாங்கினாள், அதுவும் போயிற்று. நாலாவதாகச் சேர்ந்த மேஜிக்ஜாக் அணியை 2011இல் லீக்கே வெளியேற்றியது. 2012இல் லீக்கே இல்லை. ராசி பார்க்கிற நம் அத்தைமார் அவளை வாசல்படி ஏறவிட்டிருப்பார்களா?

மார்த்தாவுக்கு இப்போது வயது 38. போன மாதம் அரையிறுதியில் கான்சஸ் சிட்டிக்கு எதிராக அவள் போட்ட கோலை நீ பார்த்தே ஆகவேண்டும். தடுப்பாட்டக்காரிகளைத் தாண்டி, கோல்கீப்பரையும் சுற்றிக்கொண்டு போய் உள்ளே தட்டினாள். ஹேவர்டில் பார்த்த அதே திருப்பம், வேகம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. சின்க்ளேர் போன மாதம்தான் ஓய்வு பெற்றாள்.

எங்கள் பகுதிக்கு இந்த வருடம் பே எஃப்சி என்று புது அணி வந்திருக்கிறது. பழைய லீக் போனபின் வந்த என்டபிள்யூஎஸ்எல் லீக்கில் சேர நுழைவுக் கட்டணமே 5.3 கோடி டாலர்! தொடங்கிய நால்வரில் சாஸ்டைனும் லெஸ்லி ஆஸ்போர்னும் 2009 கோல்ட் பிரைடில் ஆடியவர்கள். பயிற்சியாளர் யார் தெரியுமா? அன்று கடைசி இடத்திலிருந்து சாம்பியன் ஆக்கிய அதே ஆல்பர்டின் மோன்டோயா. முதல் வருடமே பிளேஆஃப் வரை வந்து, கால் இறுதியில் வாஷிங்டனிடம் தோற்றார்கள்.

கோடையில் நீ வருவது உறுதி என்றால் முன்கூட்டியே சொல். சான் ஹோசேயில் ஒரு ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கிறேன். பழைய விலை இல்லை, அதனால் பாதி உன்னிடம் வாங்கிக்கொள்வேன்.

அன்புடன்,
உமா