ஓலையை எரிக்க முன்: எழுவான்கரைத் தென்னந்தோட்டக்காரர்களுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய தோட்டக்காரர்களே,

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எங்கள் எழுவான்கரையில், களுதாவளையிலிருந்து கல்லாறு வரைக்கும் பின்னேரத்தில் போனால் ஏதாவது ஒரு தோட்டத்தில் ஓலை எரிகிற புகை எழும்பும். அதைக் கண்டால் போதும், எத்தனை விளக்குமாறு போகிறதென்று அம்மா எண்ணத் தொடங்கிவிடுவார்.

அம்மம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் விளக்குமாறு கட்டுகிறோம். ஒரு தென்னோலையில் 200க்கு மேல் இலக்கு, அதாவது சிற்றிலை, இருக்கும். அடியிலும் நுனியிலும் உள்ளவை குட்டை, கழித்துவிடுவோம். மிச்சத்தைக் கத்தியால் இரண்டு பக்கமும் சீவி, ஈர்க்கிலை வெயிலில் போடவேண்டும். மாரியில் அவசரப்பட்டுக் கட்டினால் பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ந்ததும் கைநிறைய அள்ளி, அடியைத் தரையில் தட்டித் தட்டிச் சமப்படுத்தி, கயிற்றை இறுக்கி, கடைசியில் நடுவே ஒரு ஆப்பு. அந்த ஆப்பை மட்டும் அம்மா இன்னும் என்னிடம் விடுவதில்லை.

பிளாஸ்டிக் விளக்குமாறு சீமெந்துத் தரைக்குச் சரி. எங்கள் மணல் முற்றத்தில் அது வளைந்து படுத்துவிடும். ஈர்க்கில்தான் மணலை விட்டுவிட்டுச் சருகை மட்டும் வாரும்.

முன்பு கிடுகு பின்னவும் வேலி கட்டவும் ஓலை கேட்டு ஆள் வந்தது. இப்போது மதிலும் தகரமும் வந்துவிட்டதால் உங்களுக்கும் அது தொல்லைதான், விளங்குகிறது. அதிலும் வெண் ஈ பிடித்துக் கறுத்த ஓலையை யார் வைத்திருப்பார்? அதைக் கொண்டுபோக நாங்களும் கேட்கவில்லை. உங்கள் தோட்டத்திலேயே இருந்து சீவி, ஈர்க்கிலை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். சீவல் முழுவதையும் குவித்துத் தருகிறோம், பிறகு எரியுங்கள்.

1978 நவம்பர் சூறாவளியில் இந்தக் கரையில் தென்னை சரிந்து கிடந்தபோது அம்மம்மாவுக்குக் கால் வைக்கிற இடமெல்லாம் ஓலையாம். கட்டித் தீரவில்லையாம். அப்புறம் புதுத் தென்னம்பிள்ளைகள் வளரும் வரை, ஒரு ஓலைக்கு மைல் கணக்கில் நடந்தாராம். அதைக் கேட்டு வளர்ந்ததால்தான் இந்தப் புகை எங்களை இவ்வளவு உறுத்துகிறது.

தேங்காய் பறிக்கிற நாளுக்கு முதல்நாள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கத்தியும் சாக்கும் நாங்களே கொண்டுவருவோம். தோட்டத்துக்கு இரண்டு விளக்குமாறு, காசு வேண்டாம். ஆப்பு அம்மா அடித்ததாகவே இருக்கும்.

இப்படிக்கு,
விளக்குமாறு கட்டும் ஒரு வீட்டார்