சாலைக்கு நிலம் எடுக்குமுன் மண்ணைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் சாலையை அகலப்படுத்தும் பேச்சு எழும்போதெல்லாம் மரங்களைப் பற்றியும் மண்சரிவைப் பற்றியும் எழுதுகிறார்கள். அவசியம் எழுத வேண்டியவைதான். ஆனால் வெட்டி எடுக்கப்போகும் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எல்லநள்ளிக்குக் கீழே எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. பத்து வருஷமாகத் தரிசு. சாலையோரமாக எட்டு சென்ட் போகும் என்று அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் அப்பா அதில் பாதி கிழங்கும் பாதி தேயிலையும் வைத்திருந்தார். 1961-இல் ஊட்டியில்தான் இந்தியாவிலேயே முதன்முதலாக, செடியின் வேரைத் தாக்கும் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு, புழுவைக் கொல்ல மண்ணில் தூவும் குருணை மருந்து இல்லாமல் இங்கே கிழங்கு இல்லை. அதை அப்பா வெறுங்கையால் தூவுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தேயிலையில் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து, மழைக்காலம் முழுக்க. எல்லாவற்றையும் கலக்கியதும் ஸ்பிரேயரைக் கழுவியதும் சிமெண்ட் தொட்டி மூலையில். அந்த மூலையில் இன்றும் புல் சரியாக முளைப்பதில்லை.

குருணை மருந்து சில மாதங்களில் சிதைந்துவிடும். டிடிடி, பிஎச்சி போன்ற பழைய பூச்சிமருந்துகள் அப்படியல்ல. பல வருஷம் மண்ணில் கிடக்கும். விவசாயத்தில் டிடிடியை 1989-இலும், பிஎச்சியை 1997-இலும் நிறுத்தினார்கள். விதைக்கிழங்கை முக்கி எடுக்கும் பாதரச மருந்துக்கு நாட்டில் முழுத்தடை வந்ததே 2018-இல்தான். தாமிரமும் பாதரசமும் உலோகங்கள், மக்கிப் போகிறவை அல்ல.

எங்களிடம் மண்வள அட்டை இருக்கிறது. அதில் பன்னிரண்டு அளவுகள். தாமிரமும் உண்டு, ஆனால் பயிருக்குப் போதுமா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். பூச்சிமருந்து எச்சம், பாதரசம், ஈயம் எதுவும் அதில் வராது. மாதிரி எடுக்கும் முறையும் வேறு. பல இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அரைக்கிலோ அனுப்புவோம். உரம் எவ்வளவு போடலாம் என்று தெரிந்துகொள்ள அது போதும். நஞ்சைத் தேடும்போது அப்படிக் கலந்தால், தொட்டி மூலையின் மண் மற்ற மண்ணோடு சேர்ந்து கணக்கிலிருந்தே கரைந்துவிடும். மருந்து கலக்கிய இடம், கொட்டகை, வாய்க்கால் முனை என்று தனித்தனியாக, வெவ்வேறு ஆழங்களில் எடுத்தால்தான் விஷயம் தெரியும்.

மலையில் இது இன்னும் முக்கியம். இந்த நஞ்சு பெரும்பாலும் மேல்மண்ணில்தான் தங்கியிருக்கும். ஜேசிபி முதலில் வழித்துச் சரிவில் தள்ளுவதும் அந்த மேல்மண்ணைத்தான். அடுத்த மழையில் அது ஓடைக்குப் போகும். கேத்திப் பள்ளத்தாக்கின் ஓடைகள் கடைசியில் பவானியில் சேர்கின்றன. மிச்ச மண் லாரியில் ஏறி யாருடைய பள்ளத்தையோ நிரப்பப் போகும். நூற்புழு பரவும் என்று 1971 முதல் இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை. அந்தப் புழுவின் முட்டைக்கூடு இருபது வருஷத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடிருக்கும். அப்படியிருக்க, மண் ஏற்றிப் போகும் லாரியையும் சோதிக்க வேண்டாமா?

அக்கம்பக்கத்தில் இதைச் சொன்னால், “வாயைத் திறக்காதீங்கம்மா, விலையைக் குறைச்சிடுவாங்க” என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. கடைகளில் விற்ற, சிபாரிசு செய்யப்பட்ட மருந்தைத்தான் எங்கள் ஆட்கள் அடித்தார்கள். அதற்கான தண்டனை இழப்பீட்டில் விழக் கூடாது. சோதனை முடிவைக் காட்டி விலையைக் குறைக்க மாட்டோம் என்று மாவட்ட நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். செலவை நிலம் எடுக்கும் துறை ஏற்க வேண்டும். முடிவைத் தமிழில் எங்கள் கையில் கொடுக்க வேண்டும்.

நிலம் எடுக்கப்போவதாக அரசு வெளியிடும் அறிவிக்கைக்கு முன்பே சோதனை நடக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், 1956-இன்படி அறிவிக்கை வந்த 21 நாட்களுக்குள் ஆட்சேபம் சொல்லியாக வேண்டும். அதற்குள் ஒரு விவசாயி எந்த ஆய்வகத்தைத் தேடிப் போவார்? மாசுபட்ட இடங்கள் குறித்து மத்திய அரசு 2025 ஜூலையில் விதிகளை வெளியிட்டிருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிடும் பொறுப்பை அவை உள்ளாட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் கொடுக்கின்றன. பழைய கிழங்குத் தோட்டங்களையும் அந்தக் கண்ணோடு பார்க்கலாமே. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்ட பிறகு, மண்ணில் பாதரசம் எவ்வளவு இருக்கலாம் என்று முடிவு செய்வதிலேயே வருஷக்கணக்கில் இழுபறி நடந்தது. ஒரே வளாகத்துக்கே அந்தப் பாடு.

எங்கள் எட்டு சென்ட்டில் மாதிரி எடுக்க வந்தால், தொட்டி இருந்த மூலையை நானே கூட வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கேத்தி, நீலகிரி மாவட்டம்