தேன் வராத மாதங்கள்

மார்த்தாண்டம்

அன்புள்ள விமலா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மாவின் முட்டுவலி இப்போது பரவாயில்லை.

அனுப்பிய தேன் உறைந்துவிட்டதே, கலப்படமோ என்று கேட்டிருந்தாய். இல்லை. அது ரப்பர் தேன். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது இளம் இலைக்காம்பில் ஊறுவது, பூவில் எடுத்ததல்ல. சீக்கிரம் உறைவது அதன் இயல்பு. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும். நல்ல தேனைச் சந்தேகப்பட்டு ஒதுக்குவது இங்குள்ள தேனீ வளர்ப்பவர்களை மிகவும் நோகடிக்கிறது.

துளிர் முற்றியதும் தேன் வரவு நின்றுவிடும். மழை மாதங்களில் சர்க்கரைப்பாகு வைத்துத்தான் தேனீப் பெட்டிகளைக் காப்பாற்றுகிறார்கள். வருமானம் இல்லாத நேரத்தில் அது கைக்காசில் செய்யும் செலவு. 1920களில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் ஸ்பென்சர் ஹேட்ச் இங்கே ஊன்றிய தொழில் இது. 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தாக்கித் தேனீக் கூட்டங்கள் பெருமளவில் அழிந்தபோதும், எளிய குடும்பங்கள்தான் மறுபடி பெட்டி வைத்து மீட்டெடுத்தன. அதனால் சொல்கிறேன்: விலை இறங்கும் பருவத்தில் மட்டும் வாங்காதே. ஒருவரிடமே ஆண்டு முழுவதும் வாங்கு. முடிந்தால் மழைக்காலத்தில் முன்பணம் கொடு.

மாடித் தோட்டத்தில் தேனீக்களுக்காகத் துளசிக் கதிர்களைக் கிள்ளாமல் பூக்கவிடு. தொட்டியோரத் தும்பையைப் பிடுங்காதே. உன் கத்தரி பூத்தும் காய்க்கவில்லை என்றாயே, அந்தப் பூ மகரந்தத்தை நுனித் துளை வழியாகத்தான் விடும். பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து உதிர்க்கும் வித்தை பெட்டித் தேனீக்குத் தெரியாது. மரத்தைத் துளைக்கும் கருவண்டுக்குத் தெரியும். அதுவும் தேனீ இனம்தான். பழைய பந்தல் மூங்கிலை எரிக்காமல் ஒரு மூலையில் போட்டுவை, குடியேறட்டும். பூச்சிமருந்து அடிக்காமல் இருந்தால் நல்லது. அடித்தே தீரவேண்டுமென்றால் பூச்செடிகளை விட்டு, தேனீக்கள் கூடடைந்த பின் மாலையில் அடி.

உங்கள் அடுக்ககத்து மலைத்தேன் கூட்டுக்குத் தீ வைக்க ஆள் தேடுகிறார்களாமே. படித்ததும் மனம் பதறியது. தயவுசெய்து தடுத்துவிடு. மலைத்தேனீ ஓரிடத்தில் நிலையாகத் தங்காது. பருவம் முடிந்தால் தானே கிளம்பிவிடும். அதுவரை பிள்ளைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொண்டு, அந்தப் பக்கத்துப் பால்கனியைப் பூட்டி வைத்தால் போதும். ஆள் நடமாடும் இடமாக இருந்தால், கொல்லாமல் அகற்றத் தெரிந்தவரை அழைக்கலாம்.

உங்கள் குடியிருப்பில் யார் யாருக்குத் தேன் வேண்டும் என்று விசாரித்து எழுது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொல்லிவைக்கிறேன். உறையும் என்பதையும் அவர்களிடம் முன்பே சொல்லிவிடு.

அன்புடன்,
மேரி