குறும்பாதை டீசல் என்ஜினை ஓட வைக்க உதவுங்கள்

அன்புடையீர்,

கொழும்பிலிருந்து செல்லும் களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை 1902இல் அவிசாவளையை எட்டியது. 1912இல் இரத்தினபுரி, 1919இல் ஓப்பநாயக்க. தண்டவாள இடைவெளி 2 அடி 6 அங்குலம் மட்டுமே; அதனால்தான் இது குறும்பாதை. தோட்டத்துத் தேயிலையும் இறப்பரும் இதன் வழியே கொழும்புக்கு வந்தன. நீராவி என்ஜினை மூட்டி ஆவி சேரும்வரை காத்திருக்க வேண்டும். சிறிய டீசலோ கிளப்பிய சில நிமிடங்களில் பெட்டிகளைக் கோக்கப் போய்விடும். 1990களில் தண்டவாள இடைவெளி அகலமாக்கப்பட்டதோடு குறும்பாதை என்ஜின்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. இன்றும் நாரஹேன்பிட்டி வளைவுகளில் வண்டி ஊர்ந்து போவதற்குக் காரணம், அகலமாக்கியபோதும் வளைவுகள் மாறாத அந்தப் பழைய தடம்தான்.

எங்கள் குழுவின் பொறுப்பிலுள்ள டீசல் என்ஜினை 60 மீற்றர் தூரமாவது ஓட வைக்க விரும்புகிறோம்.

நெடுங்காலம் நின்ற என்ஜினில் ஸ்டார்ட்டரை அழுத்துவது பெரிய ஆபத்து. கொழும்பின் உப்புக் காற்றில் பிஸ்டன் வளையங்கள் லைனரோடு (பிஸ்டன் ஓடும் உருளையின் உட்சுவர்) துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அப்படியே சுற்றினால் வளையம் முறியும், லைனர் கீறும். ஆகவே டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியே டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிட்டு, பிளைவீல் என்னும் கனத்த சுழல்சக்கரத்தைக் கடப்பாரையால் மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். அடியில் வடித்த எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. குளிர்நீரைத் தடுக்கும் லைனர் சீல் போயிருக்கலாம். டீசல் தாங்கியின் அடியில் தேங்கிய நீரில் வளரும் பாசி போன்ற கசடு வடிகட்டியை அடைக்கும். அதையும் முழுதாகக் கழுவ வேண்டும்.

அடுத்தது பிரேக். வாக்குவம் பிரேக் குழாயில் வெற்றிடம் இருந்தால்தான் விடும், காற்றுப் புகுந்தால் பிடித்துக்கொள்ளும். அதில் ஓர் இறப்பர்க் குழாய் வெடித்திருந்தாலும் வெற்றிடம் நிற்காது, பிரேக் விடாது. குழாய்கள், வளையங்கள் அனைத்தும் புதிதாக வேண்டும்.

பாதைக்கு 10 மீற்றர் தண்டவாளம் 12, தண்டவாளத்தின் அடியில் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டை 81, கட்டைக்கு நான்கு வீதம் ஆணி 324, தண்டவாள முனைகளை இணைக்கும் பிஷ் பிளேற்று 20, போல்ட் 40, கருங்கல் 10 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). பழைய தண்டவாளமும் ஏற்போம். தலை சற்றுத் தேய்ந்திருந்தால் பாதகமில்லை. அடித்தட்டு துருவில் மெலிந்திருந்தால் ஆணி பிடிக்காது, அது வேண்டாம்.

பலரும் பெயின்ற் அடிக்கவே பணம் தர முன்வருகிறார்கள். அந்த அன்புக்கு நன்றி. ஆனால் சீலும் குழாயும் சிலிப்பரும் கண்ணுக்குத் தெரியாதவை. அவை இல்லாமல் சில்லு சுழலாது. பெயின்ற் கடைசி வேலை. ஒரு சிலிப்பர், ஒரு கியூப் கல், ஓர் இன்ஜெக்டர் பழுதுபார்ப்பு என்று உங்களால் இயன்றதைப் பொறுப்பேற்கலாம். ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு உண்டு. வாங்கிய பொருளின் பட்டியலும் அனுப்பி வைப்போம். கடைசல், வெல்டிங் தெரிந்தவர்கள் ஞாயிறு காலைகளில் வந்து கைகொடுத்தாலும் நன்கொடைதான்.

இப்படிக்கு,
புனரமைப்புக் குழுவினர், கொழும்பு